ஏற்காடு பஸ் ஏறும் விதம்: நெடுந்தூர ஓட்டத்தில் வேகத்தைப் பங்கிடும் கணக்கு

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து விடியற்காலையில் ஏற்காடு ரோட்டில் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். கோரிமேட்டைத் தாண்டும்வரை பஸ் ஒரே சீராக உறுமிக்கொண்டு போகும். அடிவாரத்தில் சாலை மலையைத் தொட்டதும் ஓட்டுநர் கியரைக் குறைப்பார். வண்டியின் வேகம் பாதியாகிவிடும். ஆனால் என்ஜினின் உறுமல் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் இன்னும் ஒரு கியர் இறங்கும். வளைவு கழிந்து கொஞ்சம் சமதளம் கிடைத்தால் வேகம் தானாகக் கூடும். இருபது வளைவுகளையும் இப்படியே கடந்து, மூச்சு முட்டாமல் அந்தப் பழைய பஸ் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

போட்டி நாளில் நெடுந்தூர ஓட்டக்காரர் செய்ய வேண்டியதும் இதுவே என்று உறுதியாக நம்புகிறேன். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, ஏற்றமோ இறக்கமோ வெயிலோ எது வந்தாலும் அந்த எண்ணை விடாமல் பிடித்திருப்பதைத்தான் பலர் சீரான வேகம் என்கிறார்கள். சீராக இருக்க வேண்டியது உடலின் உழைப்பு. கடிகாரத்தில் தெரியும் எண் அதற்கேற்பக் கூடவும் குறையவும் செய்யும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

முதலில், தொடக்கத்திலேயே விரைந்துவிடுவது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்று பார்க்கலாம். போட்டிக்கு முந்தைய பத்து, பதினைந்து நாட்கள் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்திருப்போம். தசைகளில் எரிபொருள் நிரம்பியிருக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள், ஒலிபெருக்கியில் பாட்டு, இரத்தத்தில் அட்ரினலின். இதற்கு மேல், உடலின் ஆக்சிஜன் வழங்கும் ஏற்பாடு முழு வேகத்துக்கு வரவே இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதுவரை தசைகள் தங்களிடமுள்ள கையிருப்பை வைத்து ஓட்டிவிடுகின்றன. ஆகவே முதல் கிலோமீட்டரில் மூச்சு வாங்காது, கால் வலிக்காது. 'இன்று உடம்பு நன்றாக இருக்கிறது, விரட்டிவிடலாம்' என்று தோன்றும். அந்த நேரத்தில் கால் சொல்வதைக் கேட்கவே கூடாது. அதற்கு இன்னும் கணக்கே தெரியாது.

கணக்கு என்றால் இதுதான். நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்து ஏறத்தாழ 500 கிராம் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, இருக்கும். அதாவது சுமார் 2,000 கலோரி. ஓடுவதற்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானை முடிக்க 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். கையிருப்பு போதாது. மிச்சத்தைக் கொழுப்பு தருகிறது. ஒல்லியானவரிடம்கூடப் பல மாரத்தான்களுக்குப் போதுமான கொழுப்பு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். நிதானமாக ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது. வேகம் ஏற ஏறக் கிளைகோஜனின் பங்கு வளர்ந்துகொண்டே போகிறது. தொடக்கத்தில் விரட்டி ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும், நமக்குக் குறைவாக இருக்கிற பையிலிருந்து அள்ளி எடுத்ததாகிவிடுகிறது. 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் திடீரென்று கல்லாகிவிடுவதும், ஓட்டக்காரர்கள் அதைச் 'சுவர்' என்று அழைப்பதும் பெரும்பாலும் இந்தப் பை காலியாவதால்தான்.

21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானில் எரிபொருள் பெரும்பாலும் தீர்ந்துபோவதில்லை. அங்கே வேறொரு எல்லை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட உழைப்புக்கு மேல் போனால், தசைகள் சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் சேரத் தொடங்கும். லாக்டேட்தான் வலியை உண்டாக்கும் நஞ்சு என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அதையும் உடல் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனாலும் அது தேங்குகிறது என்றால், உடல் சமாளிக்கும் அளவைத் தாண்டிவிட்டோம் என்பதற்கு நல்ல அடையாளம். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட முடியும். சற்று மேலே போனால் அதைவிட மிக விரைவில் தள்ளாட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து நொடிதான். இவ்வளவு சிறிய இடைவெளி என்பதால்தான் தவறுவது எளிது.

2 மணி நேரத்தில் அரை மாரத்தானை முடிக்க நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி வேண்டும். உற்சாகத்தில் முதல் 5 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 நொடி வீதம் ஓடுகிறார். 1 நிமிடம் 45 நொடி சேமித்துவிட்டார். நடுவில் பத்துக் கிலோமீட்டர் திட்டப்படி போகிறது. கடைசி 6 கிலோமீட்டரில் கால் ஒத்துழைக்காமல் வேகம் 6 நிமிடம் 30 நொடிக்கு இறங்குகிறது. அங்கே இழந்தது 4 நிமிடம் 54 நொடி. சேமித்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2 மணி 3 நிமிடத்தில் முடிக்கிறார். கந்துவட்டிக்குக்கூட இந்த அளவு வட்டி கேட்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தது பிறகுதான். முதலில் உடம்பில் பட்டேன். என் முதல் அரை மாரத்தானில் 16ஆம் கிலோமீட்டரில், ஐந்து ரோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதப் பயிற்சி வீணாகிவிட்டதே என்று அன்று அழுகை வந்தது. காந்தி ஸ்டேடியத்தில் காலையில் ஓட வரும் மூத்தவர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுங்கள். ஒரு சுற்று 2 நிமிடம் 30 நொடியில் ஓடி வாருங்கள்" என்றார். 400 மீட்டர் சுற்றுக்கு அது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 நொடி வேகம், எனக்கு மிகவும் எளிது. முடித்து வந்தபோது 2 நிமிடம் 12 நொடி. "பதினெட்டு" என்று மட்டும் சொன்னார். அடுத்த சுற்று, "பதினொன்று." அதற்கடுத்து, "கழித்தல் ஆறு." வாரம் ஒரு நாள் என இரண்டு மாதம் இப்படி ஓடிய பிறகு, பிழை இரண்டு மூன்று நொடிக்குள் வந்தது. வேகத்தைக் காலாலும் மூச்சாலும் அறிவது ஒரு திறமை, அதைத் தனியாகப் பழக வேண்டும் என்பதை அந்தச் சுற்றுகள்தான் எனக்குக் காட்டின. இன்றும் புதிதாக ஓட வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி இது.

உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? 2018இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 39 நொடியில் உலக சாதனை படைத்தபோது, முதல் பாதி 61 நிமிடம் 6 நொடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 நொடி. 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் ஓடினார். முதல் பாதி 60 நிமிடம் 48 நொடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 நொடி. பின்பாதியை விரைவாக ஓடும் இந்த முறையைத்தான் நெகட்டிவ் ஸ்ப்ளிட் என்கிறார்கள். இது எல்லாத் தொலைவுக்கும் பொருந்தாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் முடித்தபோது, முதல் சுற்று 49.28 நொடி, இரண்டாவது சுற்று 51 நொடிக்கு மேல். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்தில் மிச்சம் வைத்து என்ன பயன்? தொலைவு கூடக்கூடத்தான் சிக்கனத்துக்கு மதிப்பு கூடுகிறது. கிப்சோகேவேகூட ஒரு முறை மாறி ஓடினார். 2022இல் அதே பெர்லினில் முதல் பாதியை 59 நிமிடம் 51 நொடியில் விரட்டினார், இரண்டாம் பாதி 61 நிமிடம் 18 நொடியானது. அன்றும் சாதனை விழுந்தது. ஆனால் அந்தப் பின்பாதியில் அவர் பட்ட பாட்டைத் தாங்குவதற்கு அவருடைய உடல் வேண்டும்.

நம் நாட்டில் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 8 நொடி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்தத் தேசிய சாதனை அசையவில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர் அவர். மணிக்கட்டில் செயற்கைக்கோள் பார்த்து வேகம் சொல்லும் கடிகாரம் இல்லாத காலம் அது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சிகாகோவும் பெர்லினும் சமதளமான, குளிர்ந்த பாதைகள். முன்னணி வீரர்களுக்கு வேகம் பிடித்துக்கொடுக்க ஆட்களும் உண்டு. அங்கே நிமிடக் கணக்கும் உழைப்புக் கணக்கும் ஒன்றாகவே போகும். சேலத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை என்று மலைகள் சூழ்ந்த கிண்ணம் இந்த ஊர். மார்ச் பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் அறையும். ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போக வேண்டும். தசைக்கும் இரத்தம் வேண்டும். வியர்வையில் நீர் குறையக் குறைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறைந்து, துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. ஐந்தரை மணிக்கு நிதானமாகத் தெரிந்த அதே 6 நிமிட வேகம் ஏழரை மணிக்கு மூச்சிரைக்க வைப்பது இதனால்தான். வேகம் மாறாவிட்டாலும் உழைப்பு ஏறிவிட்டது.

ஆகவே வெயில் ஏறும் நாளில் பின்பாதி முன்பாதியைவிடச் சற்று மெதுவாக முடிந்தால் அது பிழை ஆகாது. சிகாகோவின் கணக்கைச் சேலத்தின் மார்ச் மாதத்துக்கு அப்படியே கொண்டுவந்து, கடைசி 10 கிலோமீட்டரில் வேகத்தைக் கூட்டியே தீருவேன் என்று வெயிலோடு மல்லுக்கட்டிச் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடிவாதத்தை வீரம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. வெப்பத் தாக்கு உயிரை எடுக்கும். தலைசுற்றல், குமட்டல், குளிர் போன்ற சிலிர்ப்பு இவற்றில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். தண்ணீரிலும் பங்கீடு உண்டு. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்து ஆபத்தில் விடும்.

இனி மலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கிலோமீட்டர் அளவுள்ள மலைப்பாதை, சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டருக்கு மேல் உயர்கிறது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியும். இத்தாலியைச் சேர்ந்த மினெட்டியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட அளவீடுகளை வைத்துப் பார்த்தால், இந்த அளவு ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, சமதளத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகும். சமதளத்தில் 6 நிமிடத்தில் ஓடுகிறவர் அதே உழைப்பில் இங்கே 7 நிமிடம் 45 நொடி எடுத்துக்கொள்வார். அதைக் கண்டு வெட்கப்பட்டு 7 நிமிடத்துக்கு இழுத்தால், ஐந்தாறு வளைவுகளிலேயே எல்லையைத் தாண்டிவிடுவார். மீதி வளைவுகள் அப்படியே இருக்கும்.

மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைகிறது. சேலத்தில் மூச்சில் கிடைப்பதைவிட ஏற்காட்டில் ஆக்சிஜன் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் கடைசி வளைவுகளில் வேகம் இன்னும் கொஞ்சம் சரியும். ஈடாக, அடிவாரத்தைவிடக் காற்று ஏழெட்டு டிகிரி குளிர்ந்திருக்கும். சில்வர் ஓக் மரங்களின் நிழலும் காப்பித் தோட்டங்களின் ஈரமும் வந்துவிடும். உண்மையில் இங்கே பலரைக் கெடுப்பது அடிவாரத்துக்கு முந்தைய சாலை. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல உயர்கிறது. சமதளம் என்று நினைத்து வழக்கமான வேகத்தைப் பிடித்தவர், மலை தொடங்கும் முன்பே கொஞ்சம் கடன்பட்டு வந்து நிற்கிறார்.

வளைவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசியின் உள்விளிம்பு குட்டையானது, செங்குத்தானது. வெளிவிளிம்பு நீளமானது, சாய்வு குறைந்தது. போட்டிப் பாதையை அளப்பவர்கள், ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை, விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளக்கிறார்கள். எனவே வெளிவிளிம்பில் ஓடினால் கொஞ்சம் அதிகத் தொலைவு ஓடியதாகும். இருந்தும் களைத்த காலுக்கு நடுவழியே நல்லது என்பது என் அனுபவம். உள்விளிம்பின் அந்தப் பத்தடிச் செங்குத்து தொடையைத் தின்றுவிடுகிறது. வாகனங்கள் ஓடும் சாதாரண நாளில் உள்விளிம்பை நினைத்தே பார்க்கக் கூடாது. மேலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். மிகவும் செங்குத்தான இடத்தில் கைகளை வீசி விறுவிறுவென நடப்பது, தள்ளாடி ஓடுவதைவிட மலிவானது. தயங்காமல் நடக்கலாம்.

மலைச்சரிவு வானத்தில் பாதியை மறைத்துவிடும் இடங்களில் மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் வேகம் தாறுமாறாகக் குதிக்கும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லை நம்புங்கள். அதைவிட மூச்சை நம்புங்கள். போட்டியின் முதல் மூன்றில் ஒரு பங்கில், பக்கத்தில் ஓடுகிறவரிடம் 'அடுத்த வாரம் குரும்பப்பட்டிவரை போய்த் திரும்பலாமா?' என்று ஒரே மூச்சில் கேட்க முடிய வேண்டும். நடுப்பங்கில் இரண்டு மூன்று சொற்களாக உடைத்துக் கேட்கலாம். கடைசிப் பங்கில் 'ம்' என்று மட்டும் வந்தால் சரியாக ஓடுகிறீர்கள். முதல் பங்கிலேயே 'ம்' மட்டும்தான் வருகிறது என்றால் உடனே குறையுங்கள். அப்போதும் பிழைத்துக்கொள்ளலாம். இலக்கு நேரத்தை எழுதிய கொடியோடு ஓடும் பேஸரைப் பின்தொடர்வது நல்ல வழிதான். ஆனால் தொடக்க நெரிசலில் இழந்த நேரத்தை முதல் கிலோமீட்டரிலேயே ஈடுகட்டப் பார்க்கும் பேஸர்களும் உண்டு. அப்படிப் பாய்ந்தால் அவரைப் போகவிட்டு, நான்கைந்து கிலோமீட்டரில் மெல்லப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

மலை இறங்கும் ஓட்டத்தை எல்லோரும் வரம் என்று நினைக்கிறார்கள். அதே மினெட்டி அளவீடுகளின்படி இந்தச் சரிவில் இறங்கும்போது ஆற்றல் செலவு கால் பங்கு அளவு குறைகிறது. ஏறும்போது கூடுதலாகக் கொடுத்தது முழுதாகத் திரும்பி வருவதில்லை. அதோடு, இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாவது இதில்தான். மூச்சு சிறிதும் வாங்காது என்பதால் எச்சரிக்கையும் கிடைக்காது. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் இதற்குப் பேர்போனது. ஹாப்கின்டனில் இறக்கமாகத் தொடங்கும் பாதையில் துள்ளிக்கொண்டு இறங்கியவர்களின் தொடை, 33ஆம் கிலோமீட்டரையொட்டி வரும் ஹார்ட்பிரேக் ஹில் என்ற ஏற்றத்தில் பதில் சொல்கிறது. அந்த ஏற்றம் அப்படியொன்றும் பெரியதில்லை. நம் மலைப்பாதையின் ஒரு வளைவுக்கு முன் அது மேடுதான்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் விதி. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறித் தேய்ந்துவிடும். ஓட்டக்காரருக்கும் அப்படித்தான். எட்டி வைக்கும் நீளமான அடி ஒவ்வொன்றும் ஒரு பிரேக். அடியைச் சுருக்கி, உடலுக்கு நேர் கீழே காலை ஊன்றி, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டி இறங்கினால் தொடைக்குப் பளு குறையும். முதன்முறை ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை முழுதாக இறங்கி ஓடிய பிறகு, இரண்டு நாள் என் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் இறங்க முடியவில்லை. வலி மறுநாளைவிட மூன்றாம் நாள் கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரு முறை இந்தச் சிதைவைக் கண்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே பளுவை நன்றாகத் தாங்கும். அதனால் இறக்கமுள்ள போட்டி என்றால், மூன்று வாரம் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய், அங்கிருந்து ஐந்தாறு வளைவுகள் மட்டும் குட்டையான அடிகளில் இறங்குகிறேன். சாலை சற்று அகலமாக இருக்கும் இடத்தில் நின்று, மேலே வரும் பஸ்ஸுக்குக் கை காட்டி, ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.